காற்றில்லாத நாளில் போக வேண்டாம்

அந்த வீட்டில் சண்டை வந்தால் பெரும்பாலும் அலையை வைத்துத்தான் வரும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட ஆயிரம் விஷயம் கிடைக்கும். விளக்கை அணைக்காமல் போனது யார், யார் வீட்டு ஆட்களுக்கு யார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இழுத்துக்கொண்டே போகலாம். இங்கே மத்தியானம் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பியது என்பதுதான் பேச்சு.

அதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரர் துறைமுகத்தின் மிதவைக்காரர். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, ஆழம் தொடங்குகிற இடத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கும் மஞ்சள் உருண்டை அவர் பொறுப்பு. அலை தூக்கினால் அது எழும்பும், அலை விட்டால் இறங்கும். எவ்வளவு எழும்பினேன், எவ்வளவு இறங்கினேன் என்று ஓயாமல் கரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அவள் ரேடார்க்காரி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சியில் சுற்றிக்கொண்டே இருக்கிற நீளமான கையும், அதன் கீழ் அறையிலிருக்கும் திரையும் அவள் பொறுப்பு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். கடலில் அலை எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சின்னப் படகுகளை வெளியே விடலாமா கூடாதா என்று துறைமுகம் அதை வைத்து முடிவு செய்யும்.

“உன் ரேடார் மாடியில உக்காந்து வேடிக்கை பாக்குது. என் பிள்ளை தண்ணியிலயே நிக்குது” என்பார் அவர், சாப்பாட்டு மேசையில். மிதவையை அந்த வீட்டில் பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

“நின்னா மட்டும் போதுமா? நாள் முழுக்க ஆடி ஆடித் தலை சுத்தி என்னத்தையோ உளறுது” என்பாள் அவள்.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய மாமியார். இரண்டு பக்கத்து எண்களையும் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே கடலைத்தானே பாக்கறீங்க?” என்று சந்தேகப்படுவார். பிறகு தனக்கு வேண்டியதைக் கேட்பார். “நாளைக்குத் துணி காயுமா, காயாதா?” அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மகனும் மருமகளும் ஒரே பதில் சொல்வார்கள்.

சண்டை என்று சொன்னாலும் அதில் சூடு கிடையாது. மனசு நோகாமல் பேசிக்கொள்கிற கேலி. ரேடார் வந்த முதல் வருஷம் அதற்கு அளவு கற்றுக்கொடுத்ததே மிதவைதான். மிதவை சொல்கிற உயரத்தைப் பார்த்துப் பார்த்து ரேடாரின் கணக்கை அவள் திருத்தினாள். அதிலிருந்து இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே நடந்தன. ஒரு விரல்கடை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு விரல்கடைக்குத்தான் இத்தனை வாயாடலும்.

இந்த வருஷம் இடைவெளி விரல்கடையாக இல்லை. முதலில் ஒரு சாணுக்கு வந்தது, பிறகு ஒரு முழத்தை நோக்கிப் போனது. ரேடார் அதிகமாகச் சொன்னது. மிதவை குறைத்துச் சொன்னது. துறைமுகத் தலைவர் ஒரு நாள் கோபுரத்தின் படிகளை மூச்சிரைக்க ஏறி வந்தார். பல வருஷம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன். நல்ல மனுஷர், ஆனால் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் நம்பமாட்டார்.

ரேடாரைச் சோதனைக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினார். மேலிடத்தில் கேட்கிறார்கள், பருவம் முடிவதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும், இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு படகுக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, கொஞ்சம் வருத்தத்தோடுதான், சொன்னார்:

“தண்ணியிலயே கிடக்கற மிதவை சொல்றதா, ஒரு மைல் தள்ளி மாடியில இருந்து பாக்கற இது சொல்றதான்னு வந்தா, நான் மிதவையைத்தான் நம்பணும்மா. ரெண்டும் ஒத்துப்போகலன்னா இந்தக் கையை இறக்கிடச் சொல்லுவாங்க.”

அவளுக்கு அந்தக் கை வெறும் இயந்திரம் இல்லை. முன்பு துறைமுகத்தின் கிடங்கு அலுவலகத்தில் மூட்டைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ரேடார் வந்தபோது யாரும் கற்றுக்கொள்ள முன்வராததால் தானே போய் நின்றவள். ஜன்னலில் பார்த்தால் எல்லோருக்கும் தெரிகிற கடல் திரையில் வேறு விதமாகத் தெரியும். காற்று தண்ணீர்மேல் ஓடும்போது, சூடான பாலின் ஆடையை ஊதினால் விழுகிற மாதிரி, சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். ரேடாரின் கதிர் அந்தச் சுருக்கங்களில் பட்டுத்தான் திரும்பி வரும். அலையில் நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் வெளுப்பாகவும், அதன் முதுகு நிழலாகவும் விழுவதால், கடல் முழுவதும் சீப்பால் வாரிய தலைபோல வரிவரியாக இருக்கும். அந்த வரிகளின் அகலத்தையும் ஓட்டத்தையும் வைத்து அலை. எந்தப் பக்கம் திரை அதிகம் வெளுக்கிறது என்பதை வைத்துக் காற்று. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, “கடலுக்கு வகிடு எடுத்த மாதிரி இருக்குங்க” என்று அவரிடம்தான் சொன்னாள். அவரும் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

கேப்டன் இறங்கிப் போன பிறகு அவள் பழைய பதிவுகளைத் திரையில் விரித்துப் போட்டாள். தன் பக்கம் தப்பு இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றுதான் தொடங்கினாள். மழை நாள்களை ஒதுக்கினாள். கப்பல் குறுக்கே போன நேரங்களை ஒதுக்கினாள். மிச்சத்தைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து வருகிற நீளமான, சோம்பேறி அலைகளில் ரேடாரும் மிதவையும் இப்போதும் ஒத்துத்தான் போகின்றன. உள்ளூர்க் காற்று கிளப்புகிற குட்டையான, படபடவென்ற அலைகளில்தான் மிதவை பின்தங்குகிறது. ரேடாரில் கோளாறு என்றால் இப்படிப் பிரித்துப் பார்த்துக் கோளாறு வராது. மெதுவாக ஏற்றி இறக்கினால் மிதவை கூடவே வருகிறது, வேகமாக ஆட்டினால் ஆட மாட்டேன் என்கிறது. நல்ல சாப்பாடு சாப்பிட்டுப் பெருத்துப்போன ஆள் மாடிப்படி ஏறுவதுபோல.

மிதவை கனத்திருக்கிறது. கடலில் கிடக்கிற எதன்மேலும் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் அவளுடைய வீட்டுக்காரரின் வேலை. பழைய பதிவுகளில் அதுவும் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி ஏறும்; அவர் போய்த் துடைத்துவிட்டு வந்த மறுநாளே சட்டென்று விழும். ஏறும், விழும். பிறகு இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து ஏற்றம் மட்டும்தான். ஆனால் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். பையை எடுத்துக்கொண்டு படகில் போனார், ஈர உடையோடு வந்தார், “பிள்ளையைக் குளிப்பாட்டியாச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அவள் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லத் தெரியாத ஆள் என்றே நினைத்திருந்தாள். ஒரு கணம் கெட்ட நினைப்பும் வந்தது. தன் பிள்ளை ஜெயிக்க வேண்டுமென்று என் ரேடாரை இறக்கப் பார்க்கிறாரோ? வந்த வேகத்திலேயே அந்த நினைப்பை விரட்டினாள். கேரம் பலகையில் அம்மாவிடம் வேண்டுமென்றே தோற்கிற மனுஷர் அவர்.

கேப்டனிடம் போய் விஷயத்தைச் சொன்னால் ரேடார் தப்பிக்கும். வேலை செய்யாமல் செய்ததாகச் சொன்னார் என்று வீட்டுக்காரர் தலை குனியும். சொல்லாவிட்டால் அவர் தப்பிப்பார், ரேடார் இறங்கும். இரண்டில் எதையும் விழுங்க முடியாமல் அன்று மத்தியானம் படகுத்துறைக்கு நடந்தாள்.

அங்கே வானொலி இருந்தான். அவரைப் படகில் கூட்டிக்கொண்டு போகிற படகோட்டிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவன் வாயைத் திறந்தால் நிலையம் மூடுகிறவரை நிகழ்ச்சிதான். துறைமுகத்தில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அவன் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். அவளைப் பார்த்ததும் அவன் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

“என்ன வானொலி, இன்னிக்கு ஒலிபரப்பு இல்லையா?”

“இல்லீங்க மேடம், தொண்டை சரியில்ல.”

படகுக்குள் ஒரு நீளக் கம்பு கிடந்தது. அதன் நுனியில் தரை தேய்க்கிற பிரஷ்ஷைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், மிதவையைப் படகுக்குத் தூக்கிச் சுரண்ட, அதில் கொக்கியை மாட்டக் குனிந்தபோது எதிர்பாராத பெரிய அலை ஒன்று வந்து மிதவையைத் தூக்கிப் படகின்மேல் அடித்தது, அவர் இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்துவிட்டார், இன்னொரு அலை மிதவையைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னான். அதற்குப் பிறகு போகிறோம், பக்கத்தில் நிற்கிறோம், அவர் குனிகிறார், கை மட்டும் போகமாட்டேன் என்கிறது. கம்பை நீட்டித் தேய்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம், சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றான்.

“ஊர்க்கதை எல்லாம் சொல்லுவே, இதை மட்டும் வயித்துல வச்சிருந்தியா?”

“நான் வாயை மூடிக்கிட்டிருந்தது இந்த ஒண்ணுக்குத்தான் மேடம். உடம்பே இளைச்சுப் போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, விலா எல்லாம் கன்றிப்போய் அவர் வந்த நாள் ஞாபகம் வந்தது. படகுத்துறைப் படியில் வழுக்கிவிட்டது என்றார். அவளும் மாமியாரும் மாறி மாறி ஒத்தடம் கொடுத்தார்கள். கண்ணைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வருகிறாயா என்று மாமியார் திட்டினார். அவர் சிரித்துக்கொண்டே படுத்திருந்தார்.

அன்று மாலை அவர் கொல்லைப்புறத்தில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்ததெல்லாம் மறந்து போனது.

“அந்தக் கம்பு தண்ணிக்குள்ள எவ்வளவு தூரம் போகும்?” என்று கேட்டாள்.

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. ஒரு பூட்ஸை முடித்து, அடுத்ததை எடுத்து, அதற்குள் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினார்.

“போகாது. மேல் பாதிக்குத்தான் எட்டும்.”

“அதான் மேல் பாதி மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு.”

“வானொலி சொன்னானா?”

“என் ரேடார் சொல்லுச்சு.”

அதற்கு அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் விளக்கினாள். குட்டை அலை, நீள அலை, கனத்துப்போன பிள்ளை, ஏறி ஏறி விழாமல் நின்ற இடைவெளி. அவர் தன் வேலையைப் பற்றி ஒரு நல்ல செய்தியைக் கேட்கிறவர்போலக் கவனமாகக் கேட்டார். முடிந்ததும், “அவ்வளவு தெரியுமா அதுல?” என்றார். அவமானத்தைவிட ஆச்சரியம்தான் குரலில் அதிகம் இருந்தது.

பிறகு, மறுநாளே கேப்டனிடம் போய்த் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். உன் ரேடாரை இறக்கவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டில் சாப்பிடுவது என்றார். கடல் பயமில்லை, ஆழம் பயமில்லை, படகுக்கும் மிதவைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு கை அகலத் தண்ணீரைப் பார்த்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது என்றார். “வர்ற அலை கண்ணுக்குத் தெரியறதில்ல. நான் குனிஞ்சிருப்பேன், முதுகுக்குப் பின்னாடி வரும். அதான்.”

கொடியில் மாமியாரின் துணிகள் அசையாமல் தொங்கின.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“வர்ற அலை. உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடி அது என் திரையில வரும்.”

இதுவரை அவளுக்கே தோன்றாத விஷயம் அது. கேப்டன் கேட்டது எண். அவள் கொடுத்ததும் எண். மிதவைக்கு வெளியே, ஆழத்தில், பெரிய அலைகள் கூட்டமாகக் கிளம்பும்போது திரையில் வரிகள் தடிக்கும். தடித்த வரிகள் மிதவையை நோக்கி நடந்து வருவதை எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறாள். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் பிள்ளையை ஒழுங்காகக் குளிப்பாட்டிவிட்டு வாங்க, கேப்டனிடம் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவரை நிறுத்தினாள்.

அடுத்த சில நாள்கள் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கிடந்தது. அவர் காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குப் போயிடட்டுமா? எவ்வளவு அமைதியா இருக்கு பார்” என்பார். மேலே வழவழப்பாக இருந்தாலும் அடியில் எங்கிருந்தோ வருகிற நீள அலை அமைதியாகத் தோளைத் தூக்கித் தூக்கிப் போய்க்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் அமைதி என்றால் மனசு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

“வேண்டாம்” என்றாள் அவள். “காத்து இல்லன்னா சுருக்கம் இல்ல. சுருக்கம் இல்லன்னா எனக்குத் திரை முழுக்க இருட்டு. அலை வரும், ஆனா நான் பாக்க முடியாது. காத்து அடிக்கற நாள்ல போங்க.”

“எல்லா வீட்டுலயும் காத்தடிச்சா போகாதேன்னு பெண்டாட்டி கையைப் பிடிப்பா.”

“அவங்களுக்கெல்லாம் ரேடார் இல்ல.”

மாமியார் இதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ரெண்டுக்கும் கழண்டுபோச்சு என்று கத்தியிடம் சொல்லிக்கொண்டார்.

காற்று ஒரு புதன்கிழமை வந்தது. பெரிதாக இல்லை. கோபுரத்தின் கொடி எழுந்து நிற்கிற அளவு. அவள் அறைக்குள் நுழைந்தபோதே திரை வெளுத்திருந்தது. தென்மேற்குப் பக்கம் அதிக வெளுப்பு. வரிகள் தெளிவாக, ஒன்றன் பின் ஒன்றாகக் கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தன. மிதவை ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி மெதுவாக வந்து நின்றது. அவள் கம்பியில்லாக் கருவியை எடுத்தாள்.

“மிதவை, மிதவை. கோபுரம் பேசறேன்.”

“சொல்லுங்க கோபுரம்” என்றார் அவர். அந்த அலைவரிசை துறைமுகத்தில் எல்லோருக்கும் பொது. அங்கே அவர் அவளை மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். அதற்காகவே அவள் சில நாள் காரணமில்லாமல் கூப்பிடுவது உண்டு.

“பெரிசா ஒரு கூட்டம் வருது. மூணு. கையை உள்ள வச்சுக்கிட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க.”

தடித்த வரிகள் வெள்ளைப் புள்ளியை நெருங்கின, தொட்டன, தாண்டின. மறுமுனையிலிருந்து வானொலி, “வந்துச்சு மேடம், சொன்ன மாதிரியே மூணு, படகு மாடிக்குப் போய்ட்டு வந்துச்சு” என்றான். அதற்குப் பின்னால் திரையில் மெலிந்த வரிகள்.

“இப்ப இடைவெளி. இப்ப மாட்டலாம்.”

கருவியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. வெளியே தூரத்தில் வரிகள் மறுபடி தடிப்பதை அவள் பார்த்தாள்.

“நேரம் போச்சு, பரவாயில்ல. பிடிச்சுக்கோங்க. அடுத்ததுக்கு சொல்றேன்.”

அடுத்த கூட்டமும் வந்து போனது. அடுத்த இடைவெளியும் வந்தது. “இப்ப” என்றாள். வானொலி தாழ்ந்த குரலில், அவனுக்குப் பழக்கமில்லாத குரலில், “குனிஞ்சுட்டாரு மேடம். கை வைக்கல” என்றான்.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. அலைவரிசையில் என்னவோ நடக்கிறதே என்று கேப்டன் ஏறி வந்திருந்தார். அவள் திரும்பவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால் வரி ஒன்று தப்பிவிடும். கருவியை வாய்க்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். கோபுரம், மிதவை எல்லாம் அவளுக்கு மறந்து போனது.

“ஏங்க.”

காற்றின் இரைச்சல்.

“நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். உங்க முதுகுக்குப் பின்னாடி இப்ப ஒண்ணுமே இல்ல. இருந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். நான் சொல்லாம ஒரு அலையும் வராது. கையை வைங்க.”

அறைக்குள் கேப்டன் மூச்சு விடுவது கேட்டது. திரையில் அந்த நீளக் கை சுற்றிச் சுற்றிக் கடலை வரைந்துகொண்டிருந்தது. மெலிந்த வரி ஒன்று போனது, இன்னொன்று போனது. ஆழத்தில் ஒரு வரி தடிக்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தடிக்காமல் கரைந்தது.

“மாட்டிட்டாரு” என்றான் வானொலி. “மேடம், கொக்கி மாட்டியாச்சு. தூக்கறோம். ஐயோ, என்ன கனம். பிள்ளை இல்ல மேடம், இது எருமை.”

பிறகு அவர் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் பழையபடி, “கோபுரம், மிதவை மேல வந்தாச்சு. நன்றிங்க” என்றார்.

அதற்குள் இழுவைப்படகின் தலைவன் அலைவரிசைக்குள் நுழைந்துவிட்டான். “கோபுரம், எங்க வீட்டம்மாவுக்கும் அந்த ‘ஏங்க’வைக் கொஞ்சம் கத்துக்குடுங்க. அங்க கேக்கறது வேற மாதிரி இருக்கு” என்றான். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. அவளுக்கு முகம் சிவந்தது. பொது அலைவரிசையில் சொந்தப் பேச்சு பேசினதற்கு மன்னிக்கணும் என்று கேப்டனிடம் சொல்லத் திரும்பினாள்.

கேப்டன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த வரிகள் ஒரு கூட்டமாக மிதவை இருந்த இடத்தைக் கடந்துபோவதை, சின்னப் பையன் ரயிலைப் பார்ப்பதுபோல, வாசலில் நின்றபடியே பார்த்தார்.

“பெரிய அலை எப்ப வரும்னு இது முன்னாடியே காட்டுமா?”

“காத்து இருந்தா காட்டும் சார்.”

“இத்தனை நாளும் நான் உன்கிட்ட நம்பர் மட்டும்தான் கேட்டேன்.”

“நீங்க கேட்டதைக் குடுத்தேன் சார்.”

கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு வழிகாட்டப் படகிலிருந்து ஆள் ஏறும்போது கயிற்றேணியைப் பிடிக்கிற கணம் என்ன கணம் என்று சொன்னார். படகு எழும்பும்போது தாவ வேண்டும். எழும்பினது பெரிதா சின்னதா என்று தாவினபின்தான் தெரியும். நான் அந்த வேலையை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தது முழங்கால் வலியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். முழங்கால் நன்றாகத்தான் இருந்ததாம்.

படகு திரும்பியதும் வீட்டுக்காரர் நேராகக் கோபுரத்துக்கு வந்தார். கையில் ஒரு வாளி. சிப்பியும் பாசியும் நாற்றமுமாக வழிந்தது. அதை வாசற்படியில் வைத்துவிட்டு, கீழே இன்னும் நாலு வாளி இருக்கிறது என்றார். கேப்டனைப் பார்த்ததும், ஒளிக்க நினைக்காமல், கம்பும் பிரஷ்ஷுமாக ஓட்டின கதையை முழுவதும் சொன்னார். கேப்டன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இத்தனையையும் கட்டிக்கிட்டா அது அலை அளந்துச்சு?”

“ஆமா சார்.”

“பாவம்” என்றார் கேப்டன், மிதவையை. அவரைத் திட்ட வாயெடுத்தவர் என்ன நினைத்தாரோ, இனிமேல் மிதவைக்குப் போகிற நாளில் கோபுரத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது, வழிகாட்டிகள் ஏணி ஏறும்போதும் அப்படியே என்று உத்தரவாகச் சொல்லிவிட்டு, முழங்காலைத் தேய்க்காமல் படியிறங்கிப் போனார். ரேடாரின் கையை இறக்குவது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மறுநாள் திரையில் இரண்டு எண்களும் பழையபடி ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அவர் வேண்டுமென்றே கோபுரத்துக்கு ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாப்பிட உட்காரும்போது, “ஒரு விரல்கடை வித்தியாசம் இருக்கும்மா” என்று அம்மாவிடம் முறையிட்டார். “இவளோடது கம்மி.”

“குளிச்சுட்டு வந்த பிள்ளை கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். ரெண்டு நாள் போனா அடங்கிடும்” என்றாள் அவள்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகனின் உள்ளங்கையில் புதிதாக இருந்த கீறல்களையும் பார்த்தார். சிப்பி கிழித்த கீறல்கள். இந்தத் தடவை எந்தப் படியில் வழுக்கினாய் என்று கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்டார்.

“நாளைக்குத் துணி காயுமா?”

“காயும் அத்தை. நல்ல காத்து இருக்கும்.”

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“காத்து இருக்குமா? அப்ப சங்கிலியைச் சுரண்டறது பாக்கி இருக்கே. காலையில போகட்டுமா?”

“நான் மாடி ஏறினப்புறம் கிளம்புங்க” என்றாள் அவள்.